துறையில் இறங்கும் மீனுக்கு என்ன வயது?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாக் கரையில் இருக்கிற டெஸ்டின் ஊரின் படகுத்துறை மாலை நேரத்தில் களைகட்டும். வாடகைப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டும். படகின் பெயர் எழுதிய பலகையில் அன்று பிடித்த மீன்களை வரிசையாக மாட்டுவார்கள். பிடித்தவர்கள் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்த கையோடு மீன் வெட்டு மேசைக்குப் போய்விடும். படகின் உதவியாளர் சில நிமிடங்களில் இரு பக்கச் சதையையும் அரிந்து பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தலையும் முள்ளும் குடலுமான மிச்சத்தைத் தொட்டியில் வீசிவிடுவார்.

படத்துக்கும் கத்திக்கும் நடுவே உள்ள அந்தச் சில நிமிடங்களில்தான் மீன்வள அறிவியலுக்கு அந்த மீன் கிடைக்கிறது. அளவுப் பலகையும் தராசும் சிறு உளியும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து, “இந்த மீன்களைக் கொஞ்சம் அளந்துகொள்ளலாமா?” என்று கேட்கிறார். ஆம் என்றால் அந்த மீனின் நீளம், எடை, வயது, பாலினம் எல்லாம் பதிவாகின்றன. மறுத்தால், அல்லது அவர் வருவதற்குள் கத்தி முந்திக்கொண்டால், அந்த மீன் வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடுகிறது. பொழுதுபோக்குத் தூண்டிலில் பிடிபட்ட மீன்களிடமிருந்து படகுத்துறையில் உயிரியல் தரவு சேகரிப்பது எப்படி நடக்கிறது, அதனால் என்ன தெரியவருகிறது, எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதை அமெரிக்கத் தென்கிழக்குக் கடற்கரையை வைத்துப் பார்ப்போம்.

பொழுதுபோக்குக்கு மீன்பிடிப்பவர்களுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். மெக்சிகோ வளைகுடாவின் ரெட் ஸ்னாப்பர் நம் கடற்கரையில் செப்பிலி என்று விற்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மொத்தப் பிடிப்பு ஒதுக்கீட்டில் 51 விழுக்காடு வணிகப் படகுகளுக்கும் 49 விழுக்காடு பொழுதுபோக்குக்காரர்களுக்கும் போகிறது. கத்தாளைக் குடும்பத்து ரெட் டிரம் பல மாநிலங்களில் வணிகத்துக்கே பிடிக்கக் கூடாத மீன். அங்கெல்லாம் தூண்டில்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. ஏலக்கூடமோ மொத்த வியாபாரியின் கிட்டங்கியோ உதவாது. வணிக மீன் சில இடங்களில் குவிகிறது, ரசீதும் இருக்கிறது. தூண்டில் மீனோ ஆயிரக்கணக்கான சிறு படகுகளில், ஆயிரக்கணக்கான இடங்களில், எந்த ரசீதும் இல்லாமல் கரையேறுகிறது.

எத்தனை மீன் பிடிபட்டது, பிடிபட்டது எப்படிப்பட்ட மீன் என்று இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணமும் சண்டையும் முதல் கேள்வியைச் சுற்றியே சுழல்கின்றன. 1979-ல் அமெரிக்க அரசு நாடு தழுவிய பொழுதுபோக்கு மீன்பிடிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. கடற்கரை மாவட்ட வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள் என்று கேட்பது ஒரு பக்கம். துறையில் நின்று ஒரு பயணத்துக்கு எத்தனை மீன் என்று பார்ப்பது மறுபக்கம். இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பிடிப்பு. 2006-ல் தேசிய ஆய்வு மன்றம் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தது. அதன் பிறகு முழு ஏற்பாடும் திருத்தி அமைக்கப்பட்டது. 2018-ல் தொலைபேசிக்குப் பதிலாக அஞ்சல் படிவம் வந்தது. 2023-ல் அந்தப் படிவத்தின் கேள்வி வரிசையை மாற்றிச் சோதித்தபோது, மீன்பிடிப் பயணங்களின் மதிப்பீடு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைந்தது. “போன இரண்டு மாதத்தில் எத்தனை முறை?” என்பதை “போன ஆண்டில் எத்தனை முறை?” என்பதற்கு முன்னால் கேட்பதா பின்னால் கேட்பதா என்பதிலேயே இவ்வளவு ஆட்டம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துத் தூண்டில்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபம் முழுவதும் எண்ணிக்கையின் மேலேயே செலவாகிவிடுவதால் இரண்டாவது கேள்வி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்பதே என் குறை. பயணங்களின் எண்ணிக்கையைப் பின்னர் திருத்திக் கணக்கிடலாம். பழைய தொலைபேசித் தொடரை அப்படித்தான் புதிய அளவுக்கு மாற்றினார்கள். ஆனால் 1994-ல் துறைக்கு வந்த ஒரு மீனின் வயதை அன்று எடுத்து வைக்காவிட்டால் இன்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வயது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மீனின் தலைக்குள், மூளைக்கு அடியில் இரு பக்கமும் இருக்கிற செவிக்கற்களில். சுண்ணாம்புப் படிகத்தாலான இவை மீன் சமநிலை பேணவும் ஒலியை உணரவும் உதவுகின்றன. மீன் வளர வளர மேலே அடுக்கு படிகிறது. வளர்ச்சி வேகம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவதுபோல ஆண்டுக்கு ஒரு வளையம் தெரியும். செவிக்கல் ஒருமுறை படிந்தால் கரைவதில்லை. செதிலிலும் வளையம் உண்டு என்றாலும், செதில் உதிர்ந்து புதிதாக முளைக்கலாம். கிழட்டு மீனின் செதில் ஓரத்தில் வளையங்கள் நெருங்கி மறைந்துபோகலாம்.

துறையில் அந்தக் கல்லை எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். மண்டையை மேலிருந்து பிளந்தால் வேலை சுலபம். ஆனால் பணம் கொடுத்துக் கடலுக்குப் போய்வந்தவர், தன் மீனின் தலையைப் பிளக்க எப்படிச் சம்மதிப்பார்? அதனால் செவுள் வழியாகப் போகிற முறை ஒன்று உண்டு. மீனை மல்லாத்திச் செவுள் மூடியைத் தூக்குகிறார்கள். செவுள் வளைவுகளைக் கத்தியால் விலக்கினால் மண்டையோட்டின் அடியில் வழவழப்பாகப் புடைத்த எலும்பு அறை தட்டுப்படும். அதில் உளியின் முனையை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் ஓடு பெயர்ந்துவிடும். இடுக்கியால் இரண்டு கற்களையும் எடுத்து, சவ்வைத் துடைத்து, சிறு காகித உறையில் போட்டு, உறைமேல் தேதி, துறை, இனம், நீளம், எடை, எந்த வகைப் படகு என்று எழுதுகிறார்கள். செவுள் மூடியை மூடிவிட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மீனும் அழகு கெடாமல் உரியவரிடம் போய்ச் சேரும்.

ஆய்வகத்தில் அந்தக் கல்லைப் பிசினில் பதித்து, மெதுவாகச் சுழலும் வைர ரம்பத்தால் கருவின் வழியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவல் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக, மீனின் நீளம் தெரியாமல் எண்ணுவது நல்ல ஆய்வகங்களின் வழக்கம். பெரிய மீன் என்று தெரிந்தால் கண் கூடுதலாக ஒரு வளையத்தைத் தேடும். வளையம் உண்மையிலேயே ஆண்டுக்கு ஒன்றுதானா என்ற சந்தேகத்துக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1950-களிலும் 60-களிலும் வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கக் கரிமம் கடல்நீரில் கலந்து, அந்த ஆண்டுகளில் பிறந்த மீன்களின் செவிக்கல் கருவில் பதிந்திருக்கிறது. அதை அளந்து, வளையக் கணக்கோடு ஒப்பிட்டு, ரெட் ஸ்னாப்பர் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழும் என்ற கணிப்பு சரிதான் என்று 2001-ல் காட்டினார்கள்.

நீளத்தை வைத்தே வயதைச் சொல்லிவிடக் கூடாதா? ரெட் ஸ்னாப்பர் முதல் சில ஆண்டுகள் வேகமாக வளர்ந்து பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். 80 சென்டிமீட்டர் மீன் பத்து வயதாகவும் இருக்கலாம், முப்பது வயதாகவும் இருக்கலாம். பெட்டி நிறையப் பெரிய மீன்கள் வருகின்றன, கடல் செழிப்பாக இருக்கிறது என்று தூண்டில்காரர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அவையெல்லாம் ஏழெட்டு வயது மீன்களாக இருந்தால், ஒரு நல்ல ஆண்டில் பிறந்த ஒரே தலைமுறையைத்தான் எல்லோரும் பிடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அதே அளவு மீன்களில் பத்து, பதினைந்து, இருபத்தைந்து வயதுகள் கலந்திருந்தால் மீன்வளம் தேறிவருகிறது என்று பொருள். நார்வேயின் யோஹான் யோர்ட் 1914-ல் இதைத்தான் காட்டினார். செதில்களை எண்ணிப் பார்த்த அவர், 1904-ல் பிறந்த ஹெர்ரிங் தலைமுறை ஒன்றே பல ஆண்டுகளுக்கு வலைகளை நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். மீன்வள மதிப்பீடு என்ற துறையே பெரும்பாலும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

தூண்டில் மீனுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதற்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை. வணிகப் படகுகள் பல மீன்களைக் கடலிலேயே குடல் நீக்கிப் பனியில் வைத்துவிடுகின்றன. சினைப்பையும் விந்துப்பையும் அதோடு போய்விடும். ஒருநாள் பயணத்தில் பிடித்த தூண்டில் மீனோ முழுசாகத் துறைக்கு வருகிறது. ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். களவா வகையைச் சேர்ந்த காக் மீனில் இது உயிர்ப்பிரச்சினை. அது பெண்ணாகப் பிறந்து, வயது ஏறிய பிறகு ஆணாக மாறும் மீன். பெரிய மீன்களையே தேடிப் பிடித்ததில் வளைகுடாவில் ஆண்களின் பங்கு 1970-களில் 17 விழுக்காடாக இருந்தது இரண்டு விழுக்காடு அளவுக்குச் சரிந்துவிட்டது. நீளமும் எடையும் மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்தச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இந்த வேலையில் மிக நீண்ட தொடர், ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று வாங்கிக்கொண்டு பலரை ஏற்றிச் செல்லும் பெரிய தூண்டில் படகுகளைப் பற்றியது. வட கரோலைனாவின் போஃபர்ட் ஆய்வகம் 1972-ல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு 1986 முதல் வளைகுடாவையும் சேர்த்துக்கொண்டது. படகுத் தலைவர்கள் பயணப் பதிவேடு எழுதிக் கொடுக்கிறார்கள். துறையில் நிற்கும் அலுவலர் மீன்களை அளந்து, எடைபோட்டு, செவிக்கல் எடுக்கிறார். அரை நூற்றாண்டாக ஒரே மாதிரியாக நடந்துவருவதே இதன் பலம். தென்கிழக்கு மாநிலங்களின் பல மீனினங்களுக்கு நீண்டகால வயதுத் தொடர் இருக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு இதற்குண்டு. புதுமை எதுவும் இல்லாத இந்த வேலைக்கு ஆண்டுதோறும் நிதி கேட்டு வாங்குவது எவ்வளவு சிரமம் என்பதை அரசு அலுவலகம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளைப் பார்ப்போம், அவற்றை மறைத்தால் இந்தத் தரவை நம்ப முடியாது. முதல் குறை, யாருடைய மீன் துறைக்கு வருகிறது என்பது. வாடகைப் படகுகளும் பெரிய தூண்டில் படகுகளும் பொதுத் துறைக்கு, ஏறத்தாழத் தெரிந்த நேரத்துக்கு வருகின்றன. சொந்தப் படகு வைத்திருப்பவர்களில் பலர் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே படகைக் கட்டி, அங்கேயே மீனை வெட்டுகிறார்கள். ஃபுளோரிடாவின் கால்வாய்க் குடியிருப்புகளில் இது சாதாரணம். கணக்கெடுப்பாளர் பொது இடங்களுக்கு மட்டுமே போக முடியும். தனியார் வேலிக்குள் நுழைய முடியாது. அந்த வேலிக்குப் பின்னால் இருக்கும் மீன்களும் பொதுத் துறை மீன்களைப் போன்றவைதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அது ஊகம். இந்த ஊகத்தைச் சோதிப்பதற்குச் செலவிடும் ஒவ்வொரு காசும் பயனுள்ளது என்பேன்.

இரண்டாவது, விட்டுவிட்ட மீன்கள். துறையில் எழுதும் படிவத்தில் மூன்று வகை உண்டு: அலுவலர் கண்ணால் பார்த்தவை, கொன்றும் கண்ணில் காட்டாதவை, அதாவது கடலிலேயே வெட்டியதோ இரையாக்கியதோ, உயிரோடு விட்டவை. கடைசி வகைக்குத் தூண்டில்காரரின் வாய்மொழிதான் சாட்சி. வளைகுடாவில் பெரும்பாலும் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரெட் ஸ்னாப்பரை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. ஆகவே குட்டிகளும் மிகையாகப் பிடிபட்டவையும் கடலிலேயே திரும்பி விடப்படுகின்றன. ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை வீங்கி, இரைப்பை வாய்வழியே பிதுங்கும். விட்டாலும் பல பிழைப்பதில்லை. காற்றை வெளியேற்றும் ஊசியோ மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்கும் கருவியோ படகில் இருக்க வேண்டும் என்ற சட்டம் வளைகுடாவில் 2022-ல் அமலுக்கு வந்தது. இப்படிச் செத்த மீன்களின் வயதைத் துறையில் யாரும் பார்க்க முடியாது. அதற்குப் படகிலேயே ஏறிப் போகும் பார்வையாளர்கள் தேவை. அவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது, படகுகள் போகாத இடத்து மீன்கள். ரெட் ஸ்னாப்பரை மொத்தமாக எண்ணிப் பார்க்க அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்கியது. ஒளிப்படக் கருவி, ஒலியலைக் கருவி, அடையாளமிட்ட மீன்கள் என்று பல வழிகளில் வளைகுடா முழுவதும் தேடிய ஆய்வாளர்கள், இரண்டு வயதுக்கு மேற்பட்ட மீன்கள் ஏறத்தாழ 11 கோடி இருக்கும் என்று அறிவித்தார்கள். முந்தைய மதிப்பீட்டைப் போல அது மூன்று மடங்கு. அவற்றில் பெரும்பகுதி தூண்டில் படகுகள் தேடிப் போகும் பாறைகளிலும் எண்ணெய்க் கிணற்று மேடைகளிலும் இல்லை. வரைபடத்தில் குறிக்கப்படாத பரந்த கடலடியில் சிதறிக் கிடந்தன. துறையில் கிடைத்த செவிக்கற்கள் சொன்னது பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிடிபடும் மீன்களைப் பற்றி அவை சரியாகவே சொல்லின. பிடிபடாத மீன்களைப் பற்றி அவற்றிடம் கேட்டிருக்கக் கூடாது.

நான்காவது குறை நம் கையிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் மேலே கிடக்கும் பெரிய மீனைத்தான் கை முதலில் எடுக்கும். உரிமையாளரும் அதைத்தான் காட்ட விரும்புவார். பத்து மீன்களில் இரண்டின் செவிக்கல்லை எடுக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், எந்த இரண்டு என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் எத்தனை ஆயிரம் கற்கள் சேர்ந்தாலும் அவை கிழட்டு மீன்கள் பக்கமே சாயும். மீன்பிடிப் போட்டிகளில் கிடைக்கும் மாதிரிகளும் அப்படியே. பரிசுக்காகக் கொண்டுவரும் மீன்கள் வளர்ச்சியின் மேல் எல்லையைக் காட்ட உதவும், சராசரிக்கு உதவாது.

ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக வந்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜியா மாநிலத்துடையது. 1997 முதல் அங்கே மீன் வெட்டும் மேசைகளுக்குப் பக்கத்தில் உறைபெட்டிகள் வைத்திருக்கிறார்கள். சதையை எடுத்துக்கொண்ட பிறகு தலையும் வாலும் ஒட்டிய மிச்சத்தைப் பையில் போட்டு, எப்போது, எங்கே பிடித்தோம் என்ற அட்டையை நிரப்பி உறைபெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம். குப்பைக்குப் போகவேண்டிய தலையிலிருந்து ரெட் டிரம், சீட்ரௌட் மீன்களின் வயதுத் தொடர் உருவாகிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மீனின் எலும்புக்கூட்டை எங்களுக்கு அனுப்புங்கள் என்று அரசே கேட்கிறது. குடலோடு கொடுத்தால் பாலினமும் தெரியும். தானாக முன்வருபவர்களின் மீன்கள் எல்லோருடைய மீன்களையும் போன்றவையா என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. கொல்லைப்புறத் துறையில் வெட்டிய மீனின் தலைகூட இந்தப் பெட்டிக்கு வரமுடியும் என்பதால் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாமே நம்பிக்கையில் ஓடுகின்றன. துறையில் நிற்கும் கணக்கெடுப்பாளர் காவல் அதிகாரி அல்ல. பெட்டியில் அளவு குறைந்த மீன் இருந்தாலும் அவர் அளந்து எழுதுவார், காட்டிக்கொடுக்க மாட்டார். தனிநபர் விவரங்களைச் சட்டமே பாதுகாக்கிறது. இந்த வேறுபாட்டை மக்கள் நம்பாத துறையில் கிடைப்பது ஒழுங்கான மீன்களின் கணக்கு மட்டுமே. அளக்கப்பட்ட மீன்தான் தங்களுக்கு அனுமதித்த மீன்பிடிப் பருவத்தைச் சுருக்குகிறது என்ற மனக்கசப்பும் தூண்டில்காரர்களிடம் உண்டு. 2017-ல் வளைகுடாவில் சொந்தப் படகுக்காரர்களுக்கு ரெட் ஸ்னாப்பர் பருவம் முதலில் மூன்றே நாள் என்று அறிவிக்கப்பட்டு, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 39 நாள் கூட்டப்பட்டது. மாநிலங்களும் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்கின்றன. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் கரையிறக்கும் ஸ்னாப்பரைத் தெரிவிப்பது கட்டாயம். லூசியானா 2014 முதல் தன் சொந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. கைப்பேசி வழியாகத் தெரிவித்தால் எண்ணிக்கை வந்துவிடும், செவிக்கல் வராது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1947-ல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், இறங்குதளங்களையும் நாட்களையும் சீட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தமிழகக் கடற்கரை உட்பட நாடு முழுவதும் கணக்கெடுக்கிறது. துறையில் மாதிரி எடுப்பதில் நம் அனுபவம் சின்னதல்ல. ஆனால் வெப்பக் கடலில் பருவ வேறுபாடு குறைவாதலால் வளையங்களைப் படிப்பது கடினம். அதனால் இங்கே நீளப் பரவலை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் முறைகளே பெரிதும் கையாளப்பட்டன. நெடுநாள் வாழும் செப்பிலிக்கும் களவாவுக்கும் அது போதாது என்பது என் கருத்து. பெரிதான பிறகு வளர்ச்சி நின்றுபோகும் மீனிடம் நீளத்தைக் கேட்டு வயதை வாங்க முடியாது.

அகச்சிவப்பு ஒளியைச் செவிக்கல்லில் பாய்ச்சி நொடிகளில் வயதைக் கணிக்கும் முறை இப்போது ஆய்வகங்களில் பரவுகிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கருவிக்கு வயதைக் கற்றுக்கொடுப்பது மனிதர் எண்ணிய கற்களே. கல்லை மீனின் தலையிலிருந்து எடுப்பதும் மனிதக் கையே. நிதி வெட்டு வரும்போது முதலில் நிறுத்தப்படுவது துறையில் நிற்கும் ஆள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். விடுபட்ட ஆண்டின் மீன்களை மறுபடி அளக்க முடியாது என்பதால், மற்ற எல்லாச் செலவுக்கும் முன்னால் இது வரவேண்டும்.

டெக்சாசிலும் ஃபுளோரிடாவிலும் வார இறுதியில் தூண்டில் போடும் தமிழர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். துறையில் அளவுப் பலகையோடு ஒருவர் வந்து கேட்டால் வெட்டுவதைச் சற்று நிறுத்தி, பெரியது சிறியது பார்க்காமல் எல்லா மீன்களையும் காட்டுங்கள். விட்டுவிட்டு வந்த மீன்களின் எண்ணிக்கையை உள்ளபடி சொல்லுங்கள். உறைபெட்டி இருக்கிற துறையாக இருந்தால் தலையை முதுகெலும்போடும், அங்கே வாங்கிக்கொள்வார்கள் என்றால் குடலோடும், பையில் போட்டு, தேதியையும் இடத்தையும் அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.